அஸ்தூரியர் வரலாறும் மரபும்

ஸ்பெயின் தேசம் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவன வெயில் காயும் சமவெளியும், எருதுப் போரும், மூர் மன்னர் எழுப்பிய அல்ஹம்பிரா மாளிகையுமேயாம். இவையெல்லாம் அத்தேசத்தின் தென்பாகத்துக்கும் நடுப்பாகத்துக்கும் உரியன. வடபாற் சென்று, கந்தாபிரிய மலைத்தொடரைத் தாண்டிக் கடல் நோக்கி இறங்குவோமாயின், வேறொரு நாட்டினுள் புகுந்துவிட்டோமோ என ஐயுறுவோம். ஆண்டு முழுவதும் மழைத்தூறல், எங்கும் பசும்புல், மூடுபனியினூடே மாட்டுமணியோசை, ஆப்பிள் தோட்டங்கள், கரும்பாறைகளில் மோதும் பிஸ்கே விரிகுடாவின் அலைகள். இந்நிலமே அஸ்தூரியாஸ் எனப்படுவது. பரப்பு ஏறத்தாழப் 10,600 சதுரக் கிலோமீற்றர். நமது தீவின் ஆறிலொரு பங்கெனலாம். மக்கள் தொகை பத்து இலட்சமளவில் உளது.

இம்மக்களைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. ஸ்பானிய முடியாட்சி தோன்றிய தொட்டில் அஸ்தூரியாஸ் என்று அத்தேசத்து வரலாற்று நூல்கள் யாவும் புகழும். அரியணைக்கு உரிய பிள்ளை 1388ஆம் ஆண்டு தொடக்கம் ‘அஸ்தூரியாஸ் இளவரசர்’ என்ற பட்டத்தைத் தரித்து வருகின்றார். இன்று அதனைத் தரிப்பவர் இளவரசி லெயொனோர். அஸ்தூரியாசே ஸ்பெயின், மற்றவையெல்லாம் பின்னர் வென்றெடுத்த நிலம் என்று பெருமை பேசும் ஒரு பழமொழியும் அங்கே வழங்குகின்றது. இத்துணைப் புகழ் வாய்ந்த மக்கள் தம் தாய்மொழியைத் தம் சொந்த மண்ணில் அரச கருமமொழியாக ஆக்கிக்கொள்ள இன்றுவரை இயலாதிருக்கின்றனர். புகழும் இக்குறையும் ஒரே மக்களிடத்து எங்ஙனம் சேர்ந்தன என்பதை ஆராய்வோம்.

அஸ்தூரியர் என்னும் பெயர் பழமையானது. அஸ்தூரா என்று அக்காலத்தில் வழங்கிய ஆற்றின் பெயரால், மலையின் இருபுறத்தும் வாழ்ந்த குடிகளை உரோமர் அஸ்தூரர் என்றழைத்தனர். அவர்களுக்கும் முன்னரே அங்கு மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு றிபதெசேயா என்னும் ஊரருகே 1968இல் கண்டுபிடிக்கப்பட்ட தித்தோ புஸ்தியோ குகையில் தீட்டப்பட்டுள்ள குதிரைகளும் மான்களும் சான்றாம். அஸ்தூரர் குன்றுகளின்மீது மதில் சூழ்ந்த சிற்றூர்களை அமைத்து வாழ்ந்தனர். அவ்வூர்களுள் ஒன்றான கோவாஞாவின் வட்ட வட்டமான கல்வீட்டு அடித்தளங்களை இன்றும் காணலாம். அகுஸ்துஸ் பேரரசன் கி.மு. 29 முதல் 19 வரை பத்தாண்டுகள் போர் நடாத்தியே இவர்களையும் இவர்களின் அயலவரான கந்தாபிரரையும் அடக்கினான். ஐபீரியத் தீபகற்பத்தில் உரோமர் ஈற்றில் வென்ற பகுதி இதுவே. வென்றவர்க்கு வேண்டியது பொன். மலைகளை நீரால் அரித்துப் பொன் எடுத்த அச்சுரங்கங்களின் வடு இன்றும் மாறவில்லை. உரோமர் கொடுத்துச் சென்றது இலத்தீன் மொழி. அம்மொழி இம்மலைச் சரிவுகளிற் பேசப்பட்டுப் பேசப்பட்டு வேறொன்றாக மாறியது. அதனைப் பின்னர்க் காண்போம்.

711ஆம் ஆண்டு தாரிக் என்னும் தளபதியின் கீழ் முஸ்லிம் படைகள் ஆபிரிக்காவினின்று கடல் கடந்து வந்தன. சில ஆண்டுகளுள் விசிகொத்தரின் அரசு வீழ்ந்தது. அதன்பின் மலைநாட்டில் பெலாயோ என்னும் தலைவன் ஒருவன் வரி கொடுக்க மறுத்துக் கிளர்ந்தான். கோவடோங்கா என்னும் குகையருகே, 718இலோ 722இலோ, ஒரு சண்டை நிகழ்ந்தது. நிகழ்ந்தது இவ்வளவே. ஒன்றரை நூற்றாண்டின் பின், மூன்றாம் அல்போன்சோ மன்னன் காலத்தில் எழுதப்பட்ட கிறித்தவ நாளாகமமோ பகைவர் இலட்சத்து எண்பத்தேழாயிரவர் எனவும், அவர்களுள் 1,24,000 பேர் களத்திலும் எஞ்சியோர் மலை சரிந்தும் மாண்டனர் எனவும் கூறும். அரபு வரலாற்றாசிரியர்களோ பாறை இடுக்கில் தேனை உண்டு உயிர் பிழைத்த முப்பது ஆடவரும் சில பெண்களுமே அங்கிருந்தனர் என அலட்சியமாக எழுதிச் செல்வர். அரசவை எழுத்தாளர்க்கு எண்கள் எப்பொழுதும் மலிவானவை. அவ்விடுக்கான பள்ளத்தாக்கை நேரிற் கண்டோர் எவரும் இலட்சம் வீரர் அங்கு நின்றிருக்கக்கூடும் என நம்பார். ஆயினும் அச்சிறு சண்டையின் விளைவு சிறியதன்று. மலைக்கு வடபால் ஓர் அரசு நிலைத்தது.

பெலாயோவின் மகன் பவிலா 739இல் கரடியொன்றால் கொல்லப்பட்டான் என்பது மரபு. பின்வந்த அரசர் பலருடைய வரலாற்றை இங்கு விரித்தல் வேண்டா. தலைநகர் காங்காஸ் தெ ஒனீஸ் என்னும் சிற்றூரினின்று பிராவியாவுக்கும், 791இல் முடிசூடிய இரண்டாம் அல்போன்சோவின் காலத்தில் ஒவியேடோவுக்கும் மாறியது. கலீசியாவில் அப்போஸ்தலர் யாக்கோபுவின் கல்லறை கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்ததும் இவன் காலத்திலேயே. மன்னன் ஒவியேடோவினின்று புறப்பட்டுச் சென்று வழிபட்ட பாதையே சந்தியாகோ யாத்திரைப் பாதைகளுள் மூத்தது எனப்படும்.

இவ்வரசர் விட்டுச் சென்றவற்றுள் தலையாயது அவர்தம் கட்டடக் கலை. ஒவியேடோ நகருக்கு மேலே நரங்கோ என்னும் குன்றின் சரிவில், இராமிரோ மன்னன் எழுப்பிய சாந்தா மரியா என்னும் கட்டடம் நிற்கின்றது. அங்குள்ள பலிபீடக் கல்வெட்டு 848ஆம் ஆண்டைக் குறிக்கும். இன்று தேவாலயம் எனப்படும் இது முதலில் அரசனது மண்டபமாக இருந்தது. நீளமும் ஒடுக்கமுமான இரு மாடக் கட்டடம். மேல்மாடத்தின் இரு முனைகளிலும் மூன்று மூன்று வளைவுகளைக் கொண்ட திறந்த முகப்பு. அங்கு நின்று பார்த்தால் நகரும் அதற்கப்பாலுள்ள மலைகளும் தோன்றும். தூண்கள் முறுக்கிய கயிறுபோலச் செதுக்கப்பட்டுள்ளன. வியப்புக்குரியது அதன் கூரை. அக்காலத்து மேலைநாட்டுக் கோயில்கள் பெரும்பாலும் மரக்கூரை வேயப்பட, இங்கோ முழுக்கூரையும் கல்லாலான உருளை வளைவு. அதன் பாரத்தைக் குறுக்கு வளைவுகள் ஏந்திச் சுவரின் வெளிப்புறத்து உதைகற்களுக்கு இறக்குகின்றன. ஐரோப்பாவின் பிறபாகங்களில் இம்முறை பெருவழக்காவதற்கு இரண்டு நூற்றாண்டுகள் செல்லவேண்டியிருந்தன. சில நூறடி தள்ளி நிற்கும் சான் மிகேல் ஆலயத்தின் வாயில் நிலையிற் சிங்கத்தை அடக்குபவனும் தலைகீழாய் நிற்கும் கழைக்கூத்தனும் செதுக்கப்பட்டிருத்தல் காண்போரை நகைக்கச் செய்யும். உரோமர் காலத்துத் தந்தப் பலகையொன்றைப் பார்த்து அவ்வூர்ச் சிற்பி அப்படியே பெயர்த்துவிட்டான் போலும். இவ்வாலயத்தின் பெரும்பகுதி இடிந்துவிட்டது; எஞ்சியிருப்பது மூன்றிலொரு பங்கே. இக்கட்டடங்களையும் இவற்றையொத்த பிறவற்றையும் யுனெஸ்கோ தாபனம் 1985இலும் 1998இலும் உலக மரபுச் செல்வங்களின் பட்டியலிற் சேர்த்தது.

910ஆம் ஆண்டளவில் அரசர் மலையைத் தாண்டித் தென்புறத்து லெயோன் நகருக்குக் குடிபெயர்ந்தனர். அரசு பெருகிற்று, லெயோன், காஸ்தீல் என்று பெயர் மாறிற்று. அஸ்தூரியாஸ் பின்னே விடப்பட்டது. பேரரசுக்கு வித்திட்டவர் என்ற பெயரும், பின்னாளில் இளவரசர் பட்டமும் எஞ்சின, அதிகாரம் எஞ்சவில்லை. மலைக் கணவாய்கள் பனியால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் காஸ்தீலுக்கும் இவர்கட்கும் போக்குவரத்தே அரிது. அத்தனிமையே இவர்தம் வாழ்க்கை முறையைக் காத்தது எனலாம்.

அவ்வாழ்க்கை முறையின் அடையாளம் யாதெனில், முற்றத்தில் நிற்கும் தானியக் களஞ்சியமாம். ‘ஒர்ரு’ என்பது அதன் பெயர். செசுநட் மரத்தாலோ ஓக் மரத்தாலோ செய்த சதுர அறை நான்கு தூண்களின்மேல் நிற்கும். ஒவ்வொரு தூணின் தலையிலும் அகன்ற தட்டைக் கல்லொன்று கவிந்திருக்கும். தூணில் ஏறிவரும் எலி அக்கல்லைத் தாண்டமாட்டாது. படிக்கட்டும் களஞ்சியத்தைத் தொடாமல் ஓரடி தள்ளியே நின்றுவிடும். பலகைகள் ஒன்றோடொன்று பொருத்தப்படுமேயன்றி ஆணி அறையப்படுவதில்லை. ஆகவே முழுவதையும் கழற்றி வேறிடத்திற் பூட்டலாம். நிலத்தை ஒருவர்க்கும் அதன்மேல் நிற்கும் ஒர்ருவை வேறொருவர்க்கும் விற்றுவிடுதலும் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அமெரிக்காவினின்று வந்த சோளம் இக்களஞ்சியங்களை நிரப்பிப் பஞ்சத்தைத் தணித்தது.

ஊர்ப் பாதைகளைத் திருத்துதற்கு வீட்டுக்கொருவர் கட்டாயம் வரவேண்டிய வழக்கத்துக்கு ‘செஸ்தபேரியா’ என்று பெயர். ஆறாம் நாள், அதாவது வெள்ளிக்கிழமை, என்பது அச்சொல்லின் பொருள். அயலவனுக்கு விரும்பிச் செய்யும் கூட்டு உழைப்பை ‘அந்தேச்சா’ என்பர். வேலை முடிந்தபின் ஆப்பிள் மதுவாகிய சிதிரா பரிமாறப்படும். அதனை வார்க்கும் முறையே தனி. ஒரு கை போத்தலைத் தலைக்குமேல் உயர்த்தும். மறு கை குவளையை இடுப்பின் கீழே சாய்த்துப் பிடிக்கும். மது மெல்லிய நூலாக இறங்கிக் குவளையின் விளிம்பில் மோதி நுரைக்கும். நுரை அடங்குமுன் ஒரே மூச்சிற் குடித்துவிட்டு, எஞ்சிய துளியால் உதடு பட்ட விளிம்பைக் கழுவி ஊற்றி, அதே குவளையை அடுத்தவருக்குக் கொடுத்தல் முறை. இவ்வழக்கம் 2024ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிற் சேர்ந்தது. மதுவை நான் பரிந்துரைப்பதாக நேயர்கள் கொள்ளலாகாது. ஒரே குவளையைச் சுற்றி ஒரு சபை அமைதலையே குறிப்பிடுகின்றேன்.

ஆனால் அச்சபையில் எல்லோர்க்கும் இடமிருந்தது என்று சொல்வதற்கில்லை. மேற்கு அஸ்தூரியாசில் வக்கேய்ரோ எனப்படும் மாட்டிடையர் வாழ்ந்தனர். குளிர்காலத்திற் கடலோரத்தையடுத்த ஊர்களிலும் கோடையில் ‘பிராஞா’ எனப்படும் உயர்மலை மேய்ச்சல் நிலத்திலுமாக, குழந்தை குட்டிகளுடன் மந்தையை ஓட்டித் திரிவது அவர்தம் தொழில். நிலையாக ஓரிடத்து உழுது வாழ்ந்தோர் இவர்களை இழிந்தோராகக் கருதினர். பெண் கொடுத்தலும் கொள்ளுதலும் இல்லை. கோயிலினுள் இவர்கள் பின்புறத்திலேயே நிற்கவேண்டும். சான் மார்த்தீன் தெ லுயிஞா என்னும் ஊர்த் தேவாலயத்தின் தரையில், வக்கேய்ரோ இக்கோட்டைத் தாண்டி வந்து பூசை காணலாகாது என்னும் கட்டளை பொறிக்கப்பட்டது. அக்கல்லை இன்றும் காணலாம். இதற்கு நம்மவருள் எவர்க்கும் விளக்கம் தேவைப்படாது. இவர்கள் மூர்களின் வழித்தோன்றலென்றும் வேற்று இரத்தத்தினரென்றும் கதைகள் கட்டப்பட்டன. அக்கதைகள் ஆதாரமற்றவை, இவர்கள் ஏனையோரைப் போன்ற அஸ்தூரியரே என்று பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதி மறுத்தவர் ஹொவெல்யானோஸ் என்னும் பேரறிஞர்.

1744இல் ஹிஹோன் துறைமுகத்திற் பிறந்த ஹொவெல்யானோஸ் அஸ்தூரியாஸ் பெற்ற மக்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர். நீதிபதியாயும் அமைச்சராயும் பணியாற்றியவர். அரசியற் பகையாற் பல்லாண்டு சிறையிருந்தவர். 1794இல் தம் ஊரிற் கடற்பயண நூலும் கனிப்பொருணூலும் கற்பிக்கும் கல்விக்கூடமொன்றை நிறுவினார். தம் நாட்டு மலைகளினுள் நிலக்கரி உறங்குகின்றது, அதனைத் தோண்டக் கற்றவர் வேண்டும் என்பது அவர் கருத்து. அக்கருத்து அடுத்த நூற்றாண்டில் மெய்யாயிற்று. நலோன், கௌதால் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிற் சுரங்கங்கள் பெருகின. இடையர் மக்கள் சுரங்கத் தொழிலாளராயினர். ஐரோப்பாவிலேயே உறுதிமிக்க தொழிற்சங்கங்களுள் சில அங்கு உருவாயின.

1934 ஒக்டோபரில் அவர்கள் கிளர்ந்தெழுந்து, சுரங்க வெடிமருந்தையே படைக்கலமாகக் கொண்டு ஒவியேடோவின் பெரும்பகுதியைக் கைப்பற்றினர். இரு வாரங்கள் நீடித்த அக்கிளர்ச்சியை அடக்கத் தலைநகரில் அமர்ந்து படை நடாத்தியவர் தளபதி பிராங்கோ. அவர் கப்பலேற்றி அனுப்பிய படையில் மொரோக்கோ நாட்டு மூர் வீரர் இருந்தனர். மூர்களை எதிர்த்து நின்ற மண் என்று எந்த மண்ணைப் போற்றினார்களோ, அம்மண்ணின் மக்களை அடக்க அதே மூர்களைக் கொணர்ந்தனர்! ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். பல்கலைக்கழகம் அதன் நூலகத்தோடு எரிந்தது. பேராலயத்தின் புனித அறையைக் கிளர்ச்சிக்காரர் வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கிருந்த 808ஆம் ஆண்டின் தேவதூதர் சிலுவையும் 908ஆம் ஆண்டின் வெற்றிச் சிலுவையும் ஆயிரமாண்டுப் பழமை வாய்ந்தவை. இடிபாட்டினின்று அவை மீட்கப்பட்டன. நூலகத்து ஏடுகள் மீளவில்லை. எவர் பக்கம் நியாயம் இருந்ததென விவாதிப்போர் இரு தரப்பிலும் அழிக்கப்பட்டவற்றை முதலிற் கணக்கெடுத்தல் நன்று. பிராங்கோவின் ஆட்சியிலும் சுரங்கத் தொழிலாளர் அடங்கிவிடவில்லை. 1962ஆம் ஆண்டு மியேரெஸ் நகரருகே தொடங்கிய வேலைநிறுத்தம் தேசமெங்கும் பரவியது. வேலைக்குச் செல்வோரின் வழியில் ஊர்ப் பெண்கள் கோழிக்கு இறைப்பதுபோலச் சோளத்தை இறைத்தனராம். இன்று நிலக்கரித் தொழில் ஏறத்தாழ ஒடுங்கிவிட்டது.

சுரங்கமும் மாடும் சோறிடாத பிள்ளைகள் கடல் கடந்தனர். கியூபா, ஆர்ஜென்தீனா, மெக்சிக்கோ ஆகிய நாடுகளுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல்லாயிரவர் சென்றனர். ஹவானாவில் 1886இல் அவர்கள் நிறுவிய அஸ்தூரியர் சங்கம் தனக்கென மருத்துவமனை நடாத்துமளவு செல்வம் படைத்தது. பொருளீட்டித் திரும்பியோர் வண்ண மாளிகை கட்டி, வாயிலிற் பனையொன்றை நட்டனர். இவற்றைவிட என் மனத்தைக் கவர்வது போவால் என்னும் மலையூர் மக்களின் செயல். எழுத்தறியாது சென்று கடைகளில் எடுபிடி வேலை செய்து அல்லலுற்ற அவ்வூரார், தம் பிள்ளைகளாவது எழுத்தறிந்து செல்லட்டும் என்று ஹவானாவினின்று பணம் சேர்த்தனுப்பித் தம் சிற்றூர்களிற் பள்ளிக்கூடங்கள் கட்டுவித்தனர்.

அப்பள்ளிக்கூடங்களிற் கற்பிக்கப்பட்டது காஸ்தீலிய மொழி, அதாவது இன்று நாம் ஸ்பானிய மொழி என்பது. பிள்ளைகள் வீட்டிற் பேசியதோ வேறு. கல்வி வேண்டியவர்கள் வேறு வழி காணவில்லை. அவர்களைக் குறைகூறல் தகாது. ஆயினும் இங்கேதான் நாம் முதலிற் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கின்றது.

அஸ்தூரிய மொழி, கெட்டுப்போன ஸ்பானியம் எனப் பலகாலம் பழிக்கப்பட்டது. உண்மை அதுவன்று. இரண்டும் இலத்தீன் தாய் ஈன்ற உடன்பிறப்புக்கள். மாவைக் குறிக்கும் இலத்தீன் சொல் ‘பரீனா’. அஸ்தூரியரும் ‘பரீனா’ என்றே கூறுவர். காஸ்தீலியரோ முதலெழுத்தின் ஒலியை இழந்து ‘அரீனா’ என்பர். இவற்றுள் எது கெட்டது? காஸ்தீலியத்தில் இல்லாத நுட்பமொன்றும் இதன்கண் உண்டு. ஒரு தனி மயிரைப் ‘பேலு’ என்றும், எண்ணப்படாத் திரளாகிய கூந்தலைப் ‘பேலோ’ என்றும், இரும்புத் துண்டொன்றைப் ‘பியெர்ரு’ என்றும், இரும்பென்னும் பொருளைப் ‘பியெர்ரோ’ என்றும் இறுதி உயிர் ஒன்றினாலே வேறுபடுத்துவர். இவ்விலக்கணத்தை எழுதப் படிக்கத் தெரியாத இடைச்சியும் பிழையின்றிக் கையாண்டாள். அவள் பிழையாகப் பேசுகின்றாள் என்று திருத்தியவர்க்கே இலக்கணம் தெரியவில்லை.

எழுத்திலக்கியமும் அம்மொழிக்கு இல்லாமலில்லை. அந்தோன் தெ மரிரெகேரா என்னும் குருவானவர் 1639இற் பாடிய செய்யுளினின்று அது தொடங்குகின்றது. ஹொவெல்யானோசின் தங்கை ஹொசேபா அம்மொழியிற் கவிதை புனைந்தார். தமையனாரோ அதற்கு அகராதி தொகுக்கத் திட்டமிட்டார். ஆனால் பாடசாலையும் நீதிமன்றமும் அதனை ஏற்கவில்லை. ஆசிரியர் திருத்தினார், பெற்றோர் நாணினர், பிள்ளைகள் இரண்டையும் கலந்து பேசக் கற்றனர். பாடசாலையிற் காலங்கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: ஒரு பிள்ளையின் வாய்ச்சொல்லைத் திருத்துவது எளிது, அச்சொல்லைத் தந்த தாயை அப்பிள்ளை தாழ்வாக எண்ணாதபடி திருத்துவது எளிதன்று. அவ்வாசிரியர்களுட் பெரும்பாலார் அதனைச் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

1974இல், பிராங்கோ உயிரோடிருக்கையிலேயே, இளைஞர் சிலர் கூடித் தம் மொழியைப் பாடசாலையிற் கற்பிக்க வேண்டுமெனக் கோரினர். 1980இல் அஸ்தூரிய மொழிக் கழகம் நிறுவப்பட்டு, எழுத்து முறையையும் பின்னர் இலக்கணத்தையும் அகராதியையும் வகுத்தது. 1984இல் ஆறு பாடசாலைகளில் முதன்முறையாகப் பாடம் நடந்தது. இன்று அது விரும்பியோர் கற்கும் பாடம். சுயாட்சிச் சட்டம் மொழிக்குப் பாதுகாப்பு உண்டு என்கின்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பயன்படுத்தும் உரிமை குடிகளுக்கு உண்டு என்கின்றது. அரச கருமமொழி என்று எச்சட்டமும் கூறவில்லை. அதற்குச் சுயாட்சிச் சட்டத்தையே திருத்தவேண்டும். 45 உறுப்பினர் கொண்ட சபையில் 27 பேர் இணங்கவேண்டும். 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளில் அதற்கென நடந்த பேச்சு அத்தொகையை எட்டாமலே முறிந்தது. எதிர்ப்போர் எல்லோரும் வெளியூரார் அல்லர். செலவு மிகும், உத்தியோகத்துக்குத் தடையாகும், இளவரசர் பட்டம் தாங்கிய நாடு தனிமொழி கேட்டல் தகுமோ என்போர் அஸ்தூரியருள்ளேயே உளர். ஸ்பெயினின் தொட்டில் என்ற பெருமை இவ்விடத்தில் அவர்தம் வாயை அடைக்கின்றது.

இதே மொழிக் குடும்பத்தைச் சார்ந்த மிரந்தேசு மொழி, எல்லைக்கப்பால் போர்த்துக்கலின் வடகீழ் மூலையிற் சில ஆயிரம் பேராற் பேசப்படுகின்றது. அவர்கட்கு அரசரும் இல்லை, கோவடோங்காவும் இல்லை. போர்த்துக்கல் பாராளுமன்றம் 1999ஆம் ஆண்டில் அம்மொழியைச் சட்டத்தால் ஏற்றுக்கொண்டது.

அஸ்தூரியாசிலும் ஊர்ப்பெயர்களளவில் மாற்றம் வந்துளது. ஹொவெல்யானோஸ் பிறந்த நகரை ஸ்பானியர் ‘ஹிஹோன்’ என்பர். அவ்வூர் முதியோர் ‘ஷிஷோன்’ என்பர். முன்னர் இளைஞர் இரவில் ஏணி வைத்து ஏறி, வீதிப் பலகைகளில் ஸ்பானியப் பெயரை மையால் அழித்துத் தம் பெயரை எழுதிச் செல்வர். காலையில் அதிகாரிகள் அதனைத் துடைப்பர். இப்பொழுது பல ஊர்களில் இரு பெயரும் அரசாங்கச் செலவிலேயே பலகையில் எழுதப்பட்டுள்ளன.